முள் நடுவில்தான் நின்றது

"சூடு ஏறுதுங்க," என்றாள்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் எடுத்து, எதிரே இருந்த ஹீட் மீட்டரைத் தட்டிக் காட்டினார். முள் நடுவில் நின்றது. நார்மல்.

"பாத்தீல்ல? அப்பறம் என்ன?"

கோத்தகிரி மலைப்பாதை. கூரையில்லாத, இரண்டே இருக்கை கொண்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பழைய கார் கிளப்பின் வருடாந்திரப் பயணம்; முன்னாலும் பின்னாலும் வண்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. இந்த வருடம் எங்கேயும் நிற்காமல் மேலே போய்ச் சேருவேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

போன வருடம் பாதி மலையிலேயே முள் மேலே ஏறிவிட்டது. ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். கடந்து போன ஒவ்வொரு காரும் ஹாரன் அடித்து நலம் விசாரித்தது. அதை அவரால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

ரேடியேட்டரில் அடைப்பு என்று அவள் சொன்னாள். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும் என்றாள்.

அவர் லண்டனிலிருந்து ஒரு சென்சார் வரவழைத்தார்.

இன்ஜினுக்குள் தண்ணீர் என்ன சூட்டில் இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்கிற, கட்டைவிரல் அளவுப் பித்தளைத் துண்டு. அது வந்த டப்பாவில் காரின் மாடலும் வருடமும் அச்சடித்திருந்தது.

"இந்த வண்டிக்குன்னே பண்ணுனது," என்றார்.

வண்டிக்குப் பொருந்தும். மீட்டருக்குப் பொருந்தாது.

அந்த மீட்டர் இந்த வண்டியோடு பிறந்ததே இல்லை. பழையது உடைந்துபோக, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் அவள் கிளறி எடுத்தது. வேறு வருடம், வேறு கார். அதற்குச் சேருகிற சென்சாரையும் அவள்தான் தேடினாள். பால் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒவ்வொரு சென்சாராக முக்கி, தெர்மாமீட்டரையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனையோ பொய் சொல்லின. கடைசியில் ஒன்று உண்மை சொன்னது.

கிளப்பில் இந்தக் கதையை அவர்தான் சொல்வார். "நான் ஒரு மாசம் அடுப்படியிலயே குடியிருந்தேன், போங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அவள் கேக் வெட்டிக்கொண்டிருப்பாள்.

இன்ஜினும் அவள் கை வேலைதான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவளை, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த இதைத்தான் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வால்வும் அவள் தேய்த்தது. ஒவ்வொரு போல்ட்டும் அவள் முடுக்கியது. அந்த வீட்டில் அவளுடையது என்று ஒன்று இருந்ததென்றால் அது இந்த இன்ஜின்தான்.

லண்டன் சென்சார் மரையில் கச்சிதமாக ஏறி உட்கார்ந்தது. அதுதான் வினை. பொருந்தாதது மாட்டவே முடியாமல் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மாட்டியதும் முள் பரமசாதுவாகிவிட்டது. அடைப்பு அப்படியே இருந்தது.

"மீட்டருக்கு இது சேராதுங்க. எவ்வளவு கொதிச்சாலும் நடுவுலதான் காட்டும்."

"டப்பால என்ன எழுதியிருக்குதுன்னு படி."

படித்தாள். வேறென்ன செய்வது?

வளைவுக்கு வளைவு கால்மாட்டில் அனல் கூடியது. செருப்பைத் தாண்டிச் சுட்டது. ரேடியேட்டர் தண்ணீரில் கலந்த கூலன்ட்டின் தித்திப்பு வாடை வந்தது. இப்போது நிறுத்தினால் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொரு தரம் சொல்லலாம். கத்தினால் நிறுத்தக்கூடச் செய்வார்.

வாயைத் திறக்கவில்லை.

வீம்புதான். தன் கையாலேயே தன் பிள்ளையைக் கிணற்றில் தள்ளுகிற மாதிரி இருந்தது. அவர் சீட்டியடித்தபடி கியரை மாற்றினார்.

இன்ஜினுக்குள் இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம்.

அவளுக்குப் பல் கூசியது. வண்டி ஒரு முறை உதறிவிட்டு நின்றது. பானட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி பீறிட்டது. முள் நடுவில்தான் நின்றது.

பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டின. கிளப் தலைவர் இறங்கி வந்தார்.

"என்னாச்சுங்க ஈஸ்வரமூர்த்தி? இந்த வருசமும் சூடா?"

அவர் பானட்டைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். தலைவருக்குப் பின்னால் கூடிவிட்ட முகங்களைப் பார்த்தார்.

"இன்ஜின் நான் கட்டுனதில்லைங்க. எல்லாம் இவ கை வேலை."

இத்தனை வருடத்தில், நாலு பேர் முன்னால், முதல்முறையாகச் சொல்லிவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. பொம்பளைங்க கையில கொடுத்தா இப்படித்தான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

அவள் இறங்கினாள். பானட்டைத் தொடக்கூட இல்லை. தொட்டுப் பார்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று அந்தச் சத்தமே சொல்லிவிட்டிருந்தது.

தலைவர் தண்ணீர் எடுக்கத் தன் காருக்குப் போனதும், அவர் குரலைத் தாழ்த்தினார். அவர் ஆசையாகப் பேசினால் இப்படித்தான் பேசுவார்.

"சரி, விடு. மொகத்தத் தூக்கி வச்சுக்காத. ஷெட்டுக்குக் கொண்டுபோயி மறுபடி இறக்கி மாட்டிக்கலாம்."

"நீங்களே மாட்டிக்கங்க."

மேலேயிருந்து மேட்டுப்பாளையம் பஸ் வளைவில் திரும்பியது.

கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சாலையைக் கடந்து, அவள் கை காட்டினாள்.