நுளம்புக்குப் பயந்த மனிதர்

"மாசமா இரிக்கிற நீ இஞ்ச வரப்படா புள்ள! மலேரியா வந்தா வயித்தில இரிக்கிறதும் மிஞ்சாது, நீயும் மிஞ்சமாட்டாய்!"

மொசாம்பிக்கிலிருந்து பேசிய கணவன் றம்ஸீனின் குரல் தழுதழுத்தது. மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக அங்கே போய் மூன்று வருடம். நோன்புப் பெருநாளுக்கு மட்டும் மருதமுனைக்கு வந்து போவான்.

"நுளம்பு வலைக்குள்ளயே கிடக்கன் மச்சான். ஏழு வருசம் துஆக் கேட்டுக் கிடைச்ச தலைப்புள்ள. உங்களுக்குப் பக்கத்தில பெறணும்" என்றாள் சஹ்லா.

"அதுக்குத்தான் சொல்றன். எனக்கு உன்ட உசிருதான் பெரிசு. அல்லாஹ்வுக்காக அங்கயே இரி."

இப்படி உருகுகிறவரை விட்டு எப்படி இருப்பது? சொல்லாமலே போய் முன்னால் நிற்பதென்று முடிவெடுத்தாள் சஹ்லா. மறுநாளே கல்முனைக்கு ஓட்டோ பிடித்து, வெளிநாடு போகிறவர்களுக்கு மலேரியாத் தடுப்பு மருந்து கொடுக்கும் டொக்டர் சுஜித்தாவிடம் போனாள்.

"கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போகாம இருக்கிறதுதான் நல்லம்" என்றார் டொக்டர். "எங்கட நாட்டில இப்ப மலேரியா இல்ல. அதனால அதைத் தாங்கிற சக்தியும் நம்மட உடம்பில இல்ல. வயித்துப் பிள்ளையோட வந்தா கரு கலையலாம், தாயும் தப்பாம போகலாம்."

"விளங்குது டொக்டர். ஆனாலும் நான் போகத்தான் வேணும்."

டொக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப நான் தாற குளிசையப் போக முதலே துவங்கணும். அங்க போயும் விடப்படாது. மருந்து ஊறின வலைக்குள்ளதான் படுக்கணும். காய்ச்சல் எண்டா அண்டைக்கே இரத்தம் சோதிக்கணும். சரி, அங்க ஆர் இருக்காங்க?"

"என்ட மாப்பிள்ள. மருதமுனை றம்ஸீன். கல் வியாபாரம்."

டொக்டரின் முகம் மலர்ந்தது.

"அட, றம்ஸீன்ட மனிசியா நீங்க! போன வருசப் பெருநாளைக்கு வந்தநேரம் இஞ்ச வந்தவர். 'வைஃப் அங்க மாசமா இருக்கா, மலேரியா வராமப் பாக்கணும்' எண்டு அழாத குறையா நிண்டு, எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு போனவர். அப்படியொரு மனிசனை மறக்கேலுமா?"

சஹ்லா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, இது ரெண்டாவதா?" சிரித்தார் டொக்டர். "மூத்த பிள்ளைய அவரிட்டயா விட்டுட்டு வந்தீங்க?"