அரிசி டின்னில் வைத்தது

அந்தமானின் பெரார்கஞ்சில் தங்கள் சின்னக் கம்ப்யூட்டர் சென்டரில், யோகராஜ் புது மதர்போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருக்கிறான். உப்புக்காற்று பட்டால் துருவேறிவிடும் என்று அவன் மனைவி அமிர்தவல்லி நேற்று அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். பிராசசர் உட்காரும் குழியின் மூடியை அவன் அதற்கு முன்பே கழற்றியிருந்தது அவளுக்குத் தெரியாது. இப்போது அந்தக் குழியில், முடியைவிட மெல்லிய ஊசிகளுக்கிடையே ஓர் அரிசி செருகிக் கிடக்கிறது. "பங்காவ பந்த் பண்ணு," என்கிறான். மின்விசிறி முனகி நிற்கிறது. தகரக் கூரையில் மழை இரைகிறது. ஓர் ஊசி வளைந்தாலும் அடுத்த போர்டு மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும்; கடல் கொந்தளிப்பில் கப்பல் ரத்தாகிக் கிடக்கிறது. "ஆராம்ஸே, மெதுவா பண்ணுங்க," என்று அவள் அவன் நெற்றி வேர்வையை, அது சொட்டுமுன் முந்தானையால் ஒற்றியெடுக்கிறாள். அவன் போர்டைக் கவிழ்க்கிறான். ஒன்றும் விழவில்லை. பின்பக்கத்தை விரல்நுனியால் மெல்லத் தட்டுகிறான். விரித்த செய்தித்தாளில் வெள்ளையாக ஏதோ விழுகிறது. "விழுந்துடுச்சுங்க!" அமிர்தவல்லி சிரித்தேவிடுகிறாள். அவன் சிரிக்கவில்லை. அதை விரலில் ஒற்றியெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறான்.

"இது பாதி அரிசிதான், வல்லி."