கோட்டைக் கல்லின் சாபம்

தபால்காரன் பாவோல் பார்சலைத் தொப்பென்று வைத்தான். "இன்னொரு கல்லு வந்திருக்கு ஜோஃபியாக்கா. உங்க சாபம் நல்லாவே வேலை செய்யுது!"

ஸ்லோவாக்கிய மலையொன்றின் உச்சியிலிருந்த பழைய கோட்டைக்கு ஜோஃபியாதான் காவல். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போவதைத் தடுக்க, 'இங்கே கல் எடுத்தால் குடும்பத்துக்கே சாபம்' என்று பலகை எழுதி வைத்தாள். பயந்துபோனவர்கள் கல்லைத் தபாலில் திருப்பி அனுப்ப, அத்தனையையும் மேலே சுமக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது.

"நானா இட்டுக்கட்டினதுடா. இதைப் போய் நம்புதுங்களே!"

"நம்பாம என்ன? உங்க முட்டி வீங்கிக் கெடக்கு. உங்க வீட்டுக்காரரு ஏணியிலேர்ந்து விழுந்தாரு. ஆடு வேற செத்துப்போச்சு..."

"வாயை மூடிட்டுப் போடா."

மறுநாள் மலைப்பாதையில் மூச்சுவாங்க ஏறிக்கொண்டிருந்தவளைப் பாவோல் பார்த்துவிட்டான். "ஒரு பார்சல்தானே குடுத்தேன்? பை ரெண்டு இருக்கே?"

"இது எங்க அடுப்படிச் சுவரு," என்றாள் ஜோஃபியா அலுப்புடன். "என் மாமனாரு கோட்டைக் கல்லை வண்டி வண்டியா இறக்கித்தானே வீடு கட்டினாரு. கொஞ்சம் கொஞ்சமா திருப்பி வெச்சுடறேன்."

பாவோல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிடா. அதே வண்டியில வந்த உங்க வீட்டுப் படிக்கட்டை நீதான் சுமக்கணும். என்னால முடியாது."