வெள்ளைக் குடையின் கீழே

குவீன்ஸ்லாந்து வானத்தில் மூன்றாவது வருடமாக மேகம் இல்லை. தோட்டாவின் வேகத்தை அளக்கும் கருவியோ வெறும் வெயிலில் ‘பிழை’ என்று மட்டும் காட்டுகிறது. அதற்காக டெஸ்மண்ட் அண்ணாந்து மேகம் தேடுகிறான். மழைக்குத் தேடுவதை எப்போதோ விட்டுவிட்டான். மனைவி மரீன், கல்யாணத்துக்கு வந்த வெள்ளைக் குடையைத் தூசி தட்டி விரித்து, கருவிக்கு மேலே கழியில் கட்டிவிட்டு வண்டியோரம் வருகிறாள். “மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் இதுக்கு வேலை வந்திருக்கு.” “பேசாம நம்பரப் பாரு.” கருவியைத் தாண்டி மண்மேட்டில் ஐந்து முறை சுட்டுப் பார்க்கிறான். தீவனம் தீர்ந்துவிட்டது, மாடுகளைச் சுட்டுத்தான் ஆகவேண்டும். சமையல் மேசையில் அவனே வெடிமருந்து நிறுத்து அடைத்த தோட்டாக்கள். நேற்று ஒன்றில் மருந்து குறைந்துபோய், குண்டு வேகமில்லாமல் தாழப் பாய்ந்தது; அந்தப் பசு சாக வெகுநேரம் ஆனது.

இன்று ஐந்தும் ஒரே வேகம். “ஒண்ணும் கஷ்டப்படாது, டெஸ்,” என்கிறாள் மரீன், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நல்ல மெஷினு,” என்கிறான் அவன். அவள் வண்டியைக் கிளப்புகிறாள். வெடிச்சத்தத்துக்கு விலகிப் போன மாடுகள் இந்தச் சத்தத்துக்குத் திரும்புகின்றன. வைக்கோல் வந்துவிட்டது என்று, எலும்பும் தோலுமாக வேலியை நோக்கி நடந்து வருகின்றன. முன்னால் வருவதை டெஸ்மண்ட், வழக்கம்போல, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.