பதினைந்தாவது பார்சல்

ஏர்னஸ்ற் ஆட்களை எண்ணமாட்டார். எண்ணினால் ஒருவர் குறைந்துபோவாராம். இத்தாலியின் பலெர்மோவில், தன் கோயில் பங்குச் சனத்தை எங்கே சுற்றுலா கூட்டிப்போனாலும் சோற்றுப் பார்சலைத்தான் எண்ணுவார்.

இந்தமுறை மூன்று நாள் அமெரிக்காவில், டெட்ரொய்ற். கார் செய்கிற ஊர். அவர் மனைவி கிளறாவின் தம்பி றொஜருக்கு அங்கேதான் வேலை. இருபது வருடமாகத் தம்பியைக் காணாத கிளறாவுக்கோ பெர்மெசோ, அந்த வதிவிட அனுமதி, புதுப்பித்து வரவில்லை. பலெர்மோவில், போர்கோ வெக்கியோத் தெருவில் இருந்த வீட்டிலேயே நின்றுவிட்டார். வழியனுப்பும்போது ஏர்னஸ்றோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பிறகு யார் போன் அடித்தும் எடுக்கவில்லை.

றொஜரையும் சேர்த்துப் பதினாலு பேர். முதல் நாள் விடிய எழும்பி ஏர்னஸ்ற் கட்டியது, கிளறாவையும் சேர்த்துக் கட்டுகிற பழக்கதோஷத்தில், பதினைந்து பார்சல். பழைய கார்த் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் இருந்து சாப்பிட்டார்கள். ஒன்றும் மிஞ்சவில்லை.

"டேய் றொஜர், ரெண்டு சாப்பிட்டனியோ?"

"ஐயோ அத்தான், எனக்கு ஒண்டே செமிக்காது."

இரண்டாம் நாளும் அதே பிழை, அதே கதை. மூன்றாம் நாள் அவர் தெரிந்தே பதினைந்து கட்டினார். அன்றும் பார்சல் பெட்டி துடைத்தமாதிரி இருந்தது.

பலெர்மோ திரும்பி, பயந்து பயந்துதான் வீட்டுக் கதவைத் தட்டினார். கிளறா சிரித்தபடி பயணப் பெட்டியை வாங்கினார்.

"கோவம் ஆறீட்டுதோ?"

"ஓம். ஆனா மூண்டாம் நாள் சம்பலுக்கு உப்புக் காணாதப்பா. தம்பிதான் பாவம், நல்லா மெலிஞ்சுபோனான்."