மூன்றரை நிமிடப் பீன்ஸ்

"நிறம் மாறலையே மேடம். பாஸ்னு எழுதிடலாம்ல?"

ஆவி அறை மேற்பார்வையாளர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். காய்கறிகளை உறைய வைத்துப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலை அது. நறுக்கிய பீன்ஸை ஆவியில் காட்டி, அதிலுள்ள பெராக்ஸிடேஸ் என்ற நொதியைச் சாகடிப்பது அவர் வேலை. செத்ததா என்று பார்ப்பது பரிசோதகியின் வேலை. அரைகுறையாக விட்டால் அது உறைபெட்டிக்குள்ளும் சும்மா இருக்காது; பீன்ஸில் வைக்கோல் வாசனை வந்துவிடும்.

"மூன்றரை நிமிஷம் ஆகட்டும் சார்."

மருந்துச் சொட்டு விட்ட மூன்றரை நிமிடத்துக்குள் சோதனைக் குழாய் செம்பழுப்பானால் நொதி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். காலையில் வந்த பீன்ஸ் அரை நிமிடத்தில் செம்பழுப்பைக் காட்டியதால் மறுபடி ஆவி காட்டத் திரும்பிப் போனது. அதே பீன்ஸ் இப்போது பச்சைப் பிள்ளை மாதிரி சாதுவாக இருந்தது.

"நாலரைக்கு நான் கிளம்பியே ஆகணும் மேடம். பொண்ணு ஸ்கூல்ல நாடகம். மரமா நிக்கிறா. போன வருஷமே போகல. இந்தத் தடவையும் போகலேன்னா வீட்டுல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"வீட்டு விவகாரம் இங்க எதுக்கு சார்?"

மூன்றரை நிமிடம் முடிந்தது. நிறம் மாறவில்லை. அவர் பேனாவை நீட்டினார். பரிசோதகி அதை வாங்காமல் குழாயை முகர்ந்து பார்த்தாள்.

"எப்பவும் சாம்பிளை ஆள்கிட்ட கொடுத்து அனுப்புவீங்க. இன்னிக்கு என்ன, நீங்களே தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"சும்மாதான். நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு..."

அவள் நீல லிட்மஸ் தாளைக் குழாயில் நனைத்தாள். அது சிவந்தது. அவர் முகம் வெளுத்தது.

"கேன்டீன் வினிகரா?"

"ரெண்டே மூடிதான் மேடம்."

"புளிப்பு கூடக் கூட இந்த நொதி மந்தமாயிடும். இவ்வளவு புளிப்புல கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துடும். ஆனா சாகாது சார்."

மிச்சமிருந்த பீன்ஸை நன்றாக அலசி, புளிப்பை முறிக்கும் கரைசலில் அரைத்து, மறுபடி சொட்டு விட்டாள். நாற்பது விநாடியில் குழாய் செம்பழுப்பானது.

"ஃபெயில். மொத்தத்தையும் திரும்ப ஆவியில ஏத்துங்க. நீங்களே பக்கத்துல நின்னு பார்த்துக்கணும்."

"அதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நாடகமே முடிஞ்சிடும் மேடம்." அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "என் வீட்டுக்காரியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"நினைக்காம என்ன? பாவம் அந்தம்மா. யாரைக் கட்டிக்கிட்டு என்ன பாடு படறாங்களோ."

நிராகரிப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தாள். வேலை முடியும் மணி அடித்தது. வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த வருஷமாவது அப்பா வந்துடுவாருன்னு காலையிலிருந்து குதிச்சுக்கிட்டு இருக்காளே, நம்ம பொண்ணுகிட்ட இப்ப நான் என்னன்னு போய்ச் சொல்றது?"