நனையாத துணி

முசலியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கிளினிக் நடக்கிறது. கூரையின் ஆணித் துளைகள் வழியே வெயில் பன்னிரண்டு நாள் குழந்தையின் வயிற்றில் புள்ளிகளாக விழுகிறது. மருத்துவிச்சி அடிவயிற்றை அழுத்துகிறாள், கல்லாக இருக்கிறது. “ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறான்?” “ஒண்டுதான் மிஸ். தண்ணிப் பவுசர் கிழமைக்கு ஒருக்காத்தானே வருது. தண்ணிக் கஷ்டம் தெரிஞ்சு பிறந்தவனெண்டு எல்லாரும் பகிடி பண்ணுவினம்,” என்று தாய் தவமலர் சிரிக்கிறாள். மருத்துவிச்சி தொலைபேசியில் பேசிவிட்டு அவளிடம் திரும்புகிறாள். “சில நூறு பிள்ளையளில ஒண்டுக்கு மூத்திரவழியில குறை இருக்கும். இவனுக்கு அடைப்புப் போல. அம்புலன்சுக்குச் சொல்லிப்போட்டன்.” உடைந்த வீதியில் அது வர இரண்டு மணித்தியாலம் ஆகும். வெளியே பவுசர் வந்து நிற்கிறது. குடங்களில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கிறது. தவமலர் உலர்ந்த துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்தி, வயிற்றருகே குனிகிறாள். “எல்லாத் துணியையும் நனை ராசா. நான் தோய்ச்சுப் போடுறன்.”